தந்தை வைத்த மீன் தொட்டி, மகன் கண்ட விடை

 

சென்ற தவணை நம் வகுப்பறையில் ஒரு மீன் தொட்டி வைத்தோம். பிள்ளைகள் சில்லறை சேர்த்து வாங்கிய தொட்டி. காலையில் கழுவி, ஓயாவில் அள்ளிய கல்லைப் பரப்பி, தண்ணீர் நிரப்பினோம். பின்னேரமே பத்துத் தங்கமீன்களை விட்டோம். ஆறாம் நாள் மூன்று மிதந்தன. பத்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் மட்டும் கடைசிவரை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

அந்தக் கிழமை மீனுக்குச் சாப்பாடு போடும் முறை ஒரு மாணவனுக்கு. "நீதான் கூடப் போட்டாய்" என்று மற்றப் பிள்ளைகள் அவன்மேல் பழியைப் போட்டார்கள். நாமும் "அளவாகப் போட்டிருக்கலாம்" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டோம். பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் நாம் சொன்னது பிழை என்று விளங்கியது. சரியான விடையைக் காண உலகத்துக்கே நாற்பது வருடம் பிடித்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

கதை ஒரு செடிப் பெட்டியில் தொடங்குகிறது. கிழக்கு லண்டனில் நத்தானியேல் வார்ட் என்று ஒரு வைத்தியர். 1829 அளவில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர் கண்டது, அந்த மண்ணில் முளைத்த ஒரு பன்னத்தையும் ஒரு புல்லையும். வெளியே லண்டன் புகையில் அவர் வைத்த பன்னங்கள் எல்லாம் செத்துப்போயிருந்தன. மூடிய கண்ணாடிக்குள் அதே ஈரம் ஆவியாகி, மீண்டும் வடிந்து, செடியைக் காப்பாற்றியது. அதைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் செடிகளை உயிரோடு கொண்டுபோக முடிந்தது.

நம் மலைநாட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் தொடர்பு உண்டு. 1848க்கும் 1851க்கும் இடையில் ரொபர்ட் போர்ச்சூன் சீனாவிலிருந்து இந்தியாவின் இமயமலைச் சரிவுக்குத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுபோனது வார்ட் பெட்டிகளில்தான். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டது அசாம் இனத் தேயிலை, அதன் வழி வேறு. ஆனால் தேயிலையும் சிங்கோனாவும் கடல் தாண்டிய அந்தக் காலத்தின் பெட்டி இதுதான். நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹக்கல தோட்டம் 1861 இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை வளர்க்கத்தான்.

மூடிய பெட்டிக்குள் செடி வாழுமென்றால், கண்ணாடிக்குள் மீனும் வாழாதா? இந்தக் கேள்வியை எடுத்தவர் ரொபர்ட் வோரிங்டன். லண்டனில் மருந்து செய்வோர் சங்கத்தின் இரசாயனவியலாளர். 1849 இல் 12 கலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பாதிக்கு ஊற்றுத் தண்ணீரால் நிரப்பினார். அடியில் மணலும் சேறும் கல்லும். நாடா போல இலையுள்ள வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி ஒன்று. இரண்டு சிறிய தங்கமீன்கள்.

கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது, வழுவழுப்புப் படிந்தது. வோரிங்டன் தண்ணீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன. தொட்டி தெளிந்தது, மீன்கள் வாழ்ந்தன. 1850 இல் இதை இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கிறது, செடி விடும் ஒட்சிசனை மீன் எடுக்கிறது, நத்தை குப்பையைத் துப்புரவாக்குகிறது. இதுதான் அவர் கண்ட சமநிலை.

அடுத்து ஆசை அலை எழுந்தது. 1853 இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் வீடு திறந்தார்கள். 1854 இல் பிலிப் கொஸ் மீன் தொட்டி பற்றி எழுதிய புத்தகம் பரபரப்பாக விற்றது. வசதியான வீடுகளின் முன்னறையில் எல்லாம் தொட்டி வந்தது. வோரிங்டன் சொன்னபடி செடி இருந்தது, நத்தை இருந்தது. ஆனாலும் ஏராளமான தொட்டிகளில் மீன் செத்தது, தண்ணீர் நாறியது. பத்து வருடத்துக்குள் அந்த ஆசை அடங்கிப்போயிற்று. வோரிங்டன் பிழையாக எதுவும் சொல்லவில்லை. விடையில் பாதியைத்தான் கண்டிருந்தார். மற்றப் பாதி அவருடைய தொட்டியின் அடியில், மணலுக்குள் இருந்தது. 1867 இல் அவர் மௌத்தானார். அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அந்த மறுபாதி வந்த இடம் சாக்கடை. 1877 இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மியுன்ஸ் என்ற இருவர், ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பி, மேலிருந்து கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே போன அமோனியா அப்படியே கீழே வந்தது. அதன்பின் அமோனியா மறைந்து நைத்திரேற்று வரத் தொடங்கியது. வெறும் மணல்தான் காரணம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். சந்தேகம் தீரக் குழாய்க்குள் குளோரோபோம் ஆவியை விட்டார்கள். மாற்றம் நின்றது. ஆவியை நிறுத்தி, நல்ல மண்ணைக் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினார்கள். மீண்டும் தொடங்கியது. ஆகவே இது உயிருள்ள ஒன்றின் வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர் மணலில் குடியேறிப் பெருகுவதற்குத்தான் இருபது நாள் எடுத்தது.

இந்தச் செய்தியை இங்கிலாந்தில் உடனே பிடித்துக்கொண்டவர் ரொதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஒருவர். அவர் பெயரும் ரொபர்ட் வோரிங்டன். தொட்டி வைத்தவரின் மகன். தந்தை தங்கமீன் வளர்த்த நாட்களில் அவருக்குப் பதினொரு, பன்னிரண்டு வயது. வயல் மண்ணில் பசளை என்ன ஆகிறது என்று பல வருடம் ஆராய்ந்து, இந்த வேலை இரண்டு படியாக நடப்பதை மகன் காட்டினார். ஒரு வகை உயிர் அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்குகிறது. அவற்றைத் தனியே பிரித்து எடுக்க அவராலும் முடியவில்லை. 1890 இல் சூரிச் நகரில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அதைச் செய்து முடித்தார். சாதாரண தரப் பிள்ளைகள் படிக்கும் நைதரசன் வட்டத்தின் நடுப்பகுதி இதுதான்.

இப்போது நம் வகுப்பறைத் தொட்டிக்கு வருவோம். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனும் கழிவும் அழுகினாலும் அமோனியாதான். அதற்கு நிறமில்லை. மீனின் செவுளைச் சுடும் அளவு சேர்ந்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது. அடுத்து வரும் நைத்திரைற்றும் விஷம். அது இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். மூன்றாவதான நைத்திரேற்று மட்டுமே ஓரளவு தாங்கக்கூடியது. இரண்டு வகை பக்டீரியாவும் கல்லிலும் வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் குடியேறாத புதுத் தொட்டியில், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மீன் தன் கழிவிலேயே மூச்சடைத்துப் போகும். பிக்ஹ் பாடத்தில் தண்ணீரின் நிறம், சுவை, வாடை மாறிவிட்டதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். நம் வுழூவுக்கு அது போதும். மீனுக்குப் போதாது.

ஆகவே முறை இதுதான். தொட்டியை வையுங்கள், கல் போடுங்கள், தண்ணீர் நிரப்பி வடிகட்டியை இராப்பகலாக ஓட விடுங்கள். மீன் வேண்டாம். மீன் இருப்பதாக நினைத்து ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை தீன் போடுங்கள். அது அழுகி அமோனியா தரும், பக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அமோனியா ஏறி இறங்கும், பின்னால் நைத்திரைற்று ஏறி இறங்கும். சோதனைத் துளிகளில் இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற்று மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். சாதாரணமாக நான்கு முதல் ஆறு கிழமை. நன்றாக ஓடும் பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஸ்பொஞ்சைப் பிழிந்த தண்ணீர் கொஞ்சம் வாங்கி ஊற்றினால் நாள் குறையும். ஷ்லோசிங்கும் மியுன்ஸும் மண் கரைத்த தண்ணீரை ஊற்றியது போலத்தான். தயாரான பிறகும் இரண்டு மூன்று மீனாகவே சேருங்கள்.

நம் பக்கத்துக்கு இன்னும் மூன்று விஷயங்கள். ஒன்று, குளிர். இந்த பக்டீரியா 25 முதல் 30 பாகையில் வேகமாகப் பெருகும். நம் மலையில், அதுவும் நுவரெலியா, ஹட்டன் பக்கம், மெதுவாகத்தான் நடக்கும். ஆறு கிழமை எட்டானாலும் அவசரப்பட வேண்டாம். இரண்டு, பீலித் தண்ணீர். நம் மலை ஊற்று பெரும்பாலும் சுண்ணம் குறைந்த மென்னீர். புளிப்புக் கூடினால் பக்டீரியா வேலையை நிறுத்தும். கழுவிய சிப்பி ஓடு இரண்டு மூன்றைத் தொட்டியில் போடுங்கள். பிரான்ஸ்காரர் குழாயில் சுண்ணக்கல் இருந்ததை மறக்க வேண்டாம். மூன்று, டவுன் பைப் தண்ணீர். அதிலுள்ள குளோரின் நாம் வளர்க்க நினைப்பதையே கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். ஸ்பொஞ்சையும் பைப்புக்குக் கீழே கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. பழைய பள்ளிவாசல்களின் ஹவ்ழில் மீன் விட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று விட்டார்கள். வடிகட்டி இல்லை, கரண்ட் இல்லை, மீன் வருடக்கணக்கில் வாழும். பாசி படிந்த அந்தப் பழைய சுவர்தான் வடிகட்டி. துப்புரவு என்ற நல்ல நோக்கத்தில் ஹவ்ழை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மறுநாளே மீனைத் திருப்பி விட்டால் அது சாகும். முதியவர்கள் "கொஞ்சம் பழைய தண்ணியை மிச்சம் வைங்க" என்பது காரணத்தோடுதான்.

வட்டம் நைத்திரேற்றோடு முடிவதும் இல்லை. அது தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றச் சொல்வது அதற்காக. இதற்கு நம் கண்முன்னே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1985 இல் கட்டி முடிந்த, 87 மீற்றர் உயர அணைக்குப் பின்னால் நிற்கும் நம் கொத்மலை நீர்த்தேக்கமும் ஒரு தொட்டிதான். தேயிலைச் சரிவிலும் மரக்கறித் தோட்டத்திலும் போடும் பசளையும் நம் வீட்டுக் கழிவும் மழையோடு அங்கேதான் போய்ச் சேரும். 1991 இல் அந்த நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது. அவ்வகைப் பாசி நஞ்சும் சுரக்கக்கூடியது. நைத்திரேற்றும் பொசுபேற்றும்தான் அதற்குத் தீன். வீட்டுத் தொட்டியில் கால்வாசியை மாற்றிவிடலாம். நீர்த்தேக்கத்தில் அது நம் கையில் இல்லை. போடுவதைக் குறைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு கடமை. சென்ற தவணை பழி சுமந்த அந்த மாணவனிடம், வகுப்பு முழுவதும் கேட்க, மன்னிப்புக் கேட்டோம். தீன் கூடப் போட்டிருந்தால் சாவு ஓரிரு நாள் முந்தியிருக்கும், அவ்வளவுதான். ஒரே நாளில் தொட்டியும் மீனும் வைத்தது நாம். அடைத்து வைத்த உயிருக்கு அடைத்தவரே பொறுப்பு என்பதை, பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸை ஓதிக் கொடுக்கும் நாமே மறந்திருந்தோம்.

இப்போது வகுப்பறை யன்னலோரம் மீன் இல்லாத தொட்டி ஒன்று நான்காவது கிழமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. வருபவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் சிட்டிகைத் தீனை முறை வைத்துப் போட்டு, துளி விட்டுப் பார்த்து, அளவைச் சுவரில் எழுதுகிறார்கள். சென்ற கிழமை நைத்திரைற்று இறங்கத் தொடங்கியது. அளவெடுக்கும் பொறுப்பு அந்த மாணவனிடம்தான். இன்ஷா அல்லாஹ், இரண்டும் பூச்சியமாகும் நாளில் முதல் இரண்டு மீனையும் அவனே விடுவான்.

விடுமுறைக்குத் தொட்டி கேட்டுப் பிள்ளைகள் வீட்டில் அடம் பிடித்தால், தொட்டியை இன்றே வாங்கிக் கொடுங்கள். மீனை அடுத்த மாதம் வாங்கிக் கொடுங்கள்.