‘நர்ஸ்’ என்று அழைக்க 23 ஆண்டுகள்

நம் குடியிருப்பில் நாய், பூனை வளர்க்கும் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. வளர்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் செல்லத்துக்குக் கருத்தடை ஆபரேஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரின் கவனமெல்லாம் கத்தி போகும் இடத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அதன் மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? அவர் அந்த வேலையை எங்கே கற்றார்?

இந்தக் கேள்விக்கு முறையான பதில் தேடிய நாடுகளில் பிரிட்டன் முக்கியமானது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கால்நடை மருத்துவர் என்றாலே குதிரை வைத்தியர்தான். வண்டி இழுக்க, உழ, போருக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் குதிரை வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் என்பது பின்வரிசைதான். மோட்டார் வண்டி வந்து குதிரைகள் குறைந்த பிறகே வீட்டுப் பிராணிகளின் பக்கம் பார்வை திரும்பியது.

நாய்களைப் பராமரிக்க நர்ஸ்களைப் பயிற்றுவிக்கும் எண்ணம் அதற்கு முன்பே முளைத்திருந்தது. 1908-லேயே ‘கேனைன் நர்ஸஸ் இன்ஸ்டிட்யூட்’ என்ற அமைப்பு அங்கே உருவானது. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம், தேர்வு, பதிவு என்று எதுவும் அப்போது இல்லை. கிளினிக்கில் உதவிக்கு இருப்பவர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்டு, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

1957-ல் நாய், பூனை போன்ற சிறு பிராணிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த நான்கே ஆண்டுகளில், 1961-ல், ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ் முறையான பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற கிளினிக்கில் வேலை பார்த்தபடியே படித்துத் தேர்வு எழுத வேண்டும். முதல் அணி 1963-ல் தேறி வெளியே வந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். ‘நர்ஸ்’ என்ற சொல் சட்டப்படி மனிதர்களைக் கவனிப்பவர்களுக்கே உரியது. அதனால் இவர்களுக்கு ‘பதிவுபெற்ற பிராணிப் பராமரிப்பு உதவியாளர்’ என்ற பொருளில் நீளமான ஒரு பெயரைச் சூட்டினார்கள். பார்ப்பது நர்ஸ் வேலை, பெயரோ உதவியாளர். அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1965-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1984-ல்தான் ‘வெட்டர்னரி நர்ஸ்’ என்ற பெயர் கைக்கு வந்தது. பயிற்சி தொடங்கி 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கவுன்டரில் இருக்கும் டெல்லர் இவ்வளவு தொகை வரை தானே பாஸ் செய்யலாம், அதற்கு மேல் போனால் அதிகாரியிடம் போக வேண்டும் என்று வரம்பு உண்டு. அந்த வரம்பு எழுத்தில் இருந்தால்தான் கையெழுத்துப் போடுபவருக்குத் தைரியம் வரும், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதும் தெரியும். இவர்களுக்கு அப்படி ஒரு வரம்பு எழுத்தில் வந்தது 1991-ல். பட்டியலில் இடம்பெற்ற நர்ஸ்கள், மருத்துவரின் வழிகாட்டுதலில், வீட்டுப் பிராணிகளுக்கு மருந்து கொடுக்கலாம், சிறிய அறுவை செய்யலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. வயிறு, மார்பு போன்ற உட்குழிவுகளைத் திறக்கும் ஆபரேஷன் கூடாது. அது மருத்துவரின் வேலை. 2002-ல் இந்த அனுமதி மற்ற விலங்குகளுக்கும் விரிந்தது, பயிற்சி மாணவர்களுக்கும் தனி நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது.

இன்று அங்கே டிப்ளமோவாகவும் படிக்கலாம், பல்கலைக்கழகப் பட்டமாகவும் படிக்கலாம். எந்த வழியில் போனாலும் குறைந்தது 1800 மணி நேரம் கிளினிக்கில் நேரடிப் பயிற்சி உண்டு. மயக்க நிலையைக் கண்காணிப்பது, ட்ரிப்ஸ் போடுவது, எக்ஸ்ரே எடுப்பது, கருவிகளைக் கிருமி நீக்குவது, வலியை முகத்திலும் உடலிலும் படித்தறிவது எல்லாம் பாடம்தான். வாயில்லா ஜீவன் ‘இங்கே வலிக்கிறது’ என்று சொல்லாது அல்லவா?

2015-ல் வந்த புதிய அரச சாசனம் இவர்களைத் தொழிலின் இணை உறுப்பினர்களாக ஏற்றது. பதிவு, ஒழுங்கு விதி, விசாரணை எல்லாம் இவர்களுக்கும் உண்டு. ஆனால் அதன் பிறகும் ‘வெட்டர்னரி நர்ஸ்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வரவில்லை. படிக்காதவர் ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் தடுக்கச் சட்டம் இல்லை. அதற்காகவும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. மாநில அரசு அனுமதித்தால், உரிய டிப்ளமோ அல்லது சான்றிதழ் பெற்றவர்கள், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம் என்கிறது சட்டம்.

ஆகவே, அடுத்த முறை கிளினிக்குக் போகும்போது டாக்டரின் பெயரை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். ‘மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருப்பவர் யார், என்ன பயிற்சி பெற்றவர்?’ என்றும் பணிவாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அந்த வேலைக்குப் படிக்க நாலு பிள்ளைகள் வருவார்கள்.