இடைவெளியைத் தாண்டும் திரி

சிவகாசியைச் சுற்றியுள்ள சாலைகளில் பயணம் செய்தவர்கள், கரிசல் காட்டில் எட்ட எட்ட நிற்கும் சிறு அறைகளைப் பார்த்திருப்பீர்கள். பட்டாசு ஆலையை ஒரே கட்டடமாகக் கட்டினால் என்ன? கட்டக் கூடாது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவாமல் காப்பது அந்த இடைவெளிதான்.

கணிப்பொறி வலைகளுக்கு இடையிலும் இத்தகைய இடைவெளி உண்டு. அதன் குறுக்கே ஒரே ஒரு திரியை மட்டும் இழுத்துவிடும் நிரலே 'போர்ட் பார்வர்டிங் பிராக்சி'. நாம் இதை 'வாயில் மாற்றும் பதிலாள்' என்போம். இது தோன்றிய வரலாற்றைப் பார்ப்போம்.

எண்ணிட்ட வாயில்கள்

1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் 'ஆர்ப்பாநெட்' வலை, இன்றைய இணையத்தின் மொழியான டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறியது. இம்முறையில் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு வீடு என்றால், அதற்கு 65,536 வாயில் எண்கள். அஞ்சலுக்கு 25, வலைப்பக்கத்துக்கு 80 என்று பணிக்கொரு வாயில். இந்த எண்களின் பட்டியலை நெடுங்காலம் பேணியவர் ஜான் போஸ்டல் என்னும் அறிஞர்.

சுவர் எழுந்தது

தொடக்கத்தில் வாயில்கள் திறந்தே கிடந்தன. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் ஏவிய நிரல் ஒன்று தானே பெருகி, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கியது. அதன் பின்னர் காவல் சுவர்கள் பரவலாயின.

மற்றொரு காரணம் முகவரிப் பஞ்சம். 32 பிட் முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். ஆகவே பல கணிப்பொறிகள் சில பொது முகவரிகளைப் பகிரும் முறையை எகெவாங், பிரான்சிஸ் ஆகிய இருவர் 1994-இல் முன்வைத்தனர். இதில் உள்ளிருப்பவர் வெளியே செல்லலாம்; வெளியிலிருப்பவர் தாமாக உள்ளே வர இயலாது.

நம் நாட்டில்

1986-இல் தொடங்கிய 'எர்நெட்' திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. 1989-இல் வெளிநாட்டு இணைப்பு மும்பையில் அமைந்தது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு எழுதிய மின்னஞ்சலை மும்பைக் கணிப்பொறி வாங்கி அனுப்பியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அஞ்சல் நிலையம் முழுக் கடிதத்தையும் வாங்கி வைத்துப் பின்னர் அனுப்புகிறது. நம் பதிலாளோ வந்ததை வந்தபடியே உடனுக்குடன் கடத்துகிறான்.

சில வரி நிரல்

1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'சாக்கெட்' முறை, வலையுடன் பேசுவதைக் கோப்பில் எழுதிப் படிப்பது போல எளிதாக்கியது. 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியில் இந்தப் பதிலாளை முப்பது வரிகளுக்குள் எழுதிவிடலாம். பணிகள் நான்கே: 8080 போன்ற ஒரு வாயிலில் காத்திரு, வருபவரை ஏற்றுக்கொள், உள்ளே உள்ள கணிப்பொறியின் 80-ஆம் வாயிலுடன் தொடர்புகொள், இருபுறமும் வருவதை மறுபுறம் கொடு. போக்கும் வரத்தும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்தால் உரையாடல் உறைந்துவிடும். ஆகவே திசைக்கு ஓர் இழையாக இரண்டு இழைகள் தேவை. ஒரு முனை மூடியதும் மறுமுனையையும் மூட வேண்டும்.

யார் பொறுப்பு?

மாணவர்களே, இந்நிரலை எழுதுமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கணிப்பொறியின் கண்ணுக்கு, வந்தவர் உங்கள் பதிலாள்தான். உண்மையில் வந்தவரின் முகவரி அதற்குத் தெரியாது. பதிலாள் எதையும் படிப்பதில்லை; நல்லதையும் தீயதையும் ஒன்றுபோலவே கடத்துகிறான். கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்ட பின்லாந்து ஆய்வாளர் டாட்டு யூலோனென், 1995-இல் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறையை உருவாக்கினார். மறைகுறியாக்கத்துடன் வாயில் மாற்றும் வசதியும் அதில் உண்டு.

எனவே அனுமதி பெற்றே வாயிலைத் திறவுங்கள். யார் யார் வரலாம் என்று வரையறுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். இரண்டு அறைகளுக்கு இடையே திரி இழுப்பது ஒரு நிமிட வேலை. அந்த இடைவெளி ஏன் விடப்பட்டது என்பதை அறிந்தவரே அதை இழுக்கத் தகுதியுடையவர்.