கௌரவ விதியும் பரீட்சைக் களவும்

பரீட்சை உள்ளவிடத்தே பரீட்சைக் களவும் உண்டு. சீனப் பேரரசின் உத்தியோகத்தரைத் தெரிந்தெடுத்துவந்து, 1905 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பரீட்சைகள் இதற்குத் தக்க சான்றாகும். நான்கிங் நகரின் பரீட்சை மண்டபத்தில் 20,000 இற்கும் மேற்பட்ட தனியறைகள் இருந்தன. உள்ளே செல்வோரின் உடையும் உடைமையும் சோதிக்கப்பட்டன. அத்துணைக் காவலையும் மீறி, ஆடையின் உட்புறத்தில் நுண்ணெழுத்தால் நூல்களை எழுதிச் சென்றோர் இருந்தனர். அத்தகைய ஆடைகள் இன்றும் நூதனசாலைகளில் உள. காவலாளியின் கண் எத்துணைக் கூர்மையாயினும், ஒரு விடைத்தாளின் மீது ஒரு குடும்பத்தின் வாழ்வே தங்கியிருக்குமிடத்துக் களவு முற்றாக ஒழிவதில்லை.

இதற்கு நேரெதிரான வழியொன்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சில கல்லூரிகள் கைக்கொண்டன. காவலை நம்பாது, 'களவு செய்திலேன்' என மாணவன் தன் மானத்தின் மீது ஆணையிட்டுக் கையொப்பமிடும் முறையை அவை ஏற்படுத்தின. இதனையே கௌரவ விதி என்பர். இவ்விதி களவைக் குறைத்ததா? குறைத்ததெனின் எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அவ்விதி பிறந்த மண்ணையும், அம்மண்ணில் 'கௌரவம்' யாருடைய உடைமையாக இருந்தது என்பதையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

தோமஸ் ஜெபர்சன் நிறுவிய வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 1825 ஆம் ஆண்டில் வகுப்புக்களைத் தொடங்கியது. அதன் அழகிய கட்டடங்கள் அடிமைகளின் உழைப்பால் எழுந்தவை. அங்கு பயின்றோருட் பெரும்பாலோர் தென்மாநிலப் பண்ணை முதலாளிகளின் மைந்தர். முதலாண்டிலேயே முகமூடி அணிந்த மாணவர் கலகம் விளைத்துப் பேராசிரியர்களைத் தாக்கினர். தாக்கியோரின் பெயரைக் கூற எவரும் முன்வரவில்லை. தோழனைக் காட்டிக்கொடுப்பது கௌரவத்துக்கு இழுக்கென அவர்கள் கருதினர். விசாரணைக் கூட்டத்திற் பேச எழுந்த முதியவரான ஜெபர்சன், துயரத்தால் நாவெழாது அமர்ந்துவிட்டார் என்பர். அதன் பின்னரே குற்றவாளிகள் தம்மை வெளிப்படுத்தினர். வெளியேற்றப்பட்டோருள் ஜெபர்சனின் உறவினர் ஒருவரும் இருந்தார்.

1840 நவம்பரில் நிலைமை கொலையில் முடிந்தது. முகமூடியணிந்து துப்பாக்கி வெடித்துத் திரிந்த மாணவன் ஒருவனின் முகத்திரையை நீக்க முயன்ற சட்டப் பேராசிரியர் ஜோன் டேவிஸ், சுடப்பட்டு இரு நாட்களின் பின் உயிர் நீத்தார். அவரது இடத்துக்கு வந்த ஹென்றி சென். ஜோர்ஜ் ரக்கர், 1842 ஜூலையில் ஒரு பிரேரணையைக் கொணர்ந்தார். பரீட்சையில் எவ்வித உதவியும் பெறவில்லை என ஒவ்வொரு மாணவனும் தன் மானத்தின் மீது உறுதியெழுத வேண்டும் என்பதே அது. காலப்போக்கில் விசாரணைப் பொறுப்பு மாணவர் கைக்கே வந்தது. தண்டனை ஒன்றே ஒன்று: பல்கலைக்கழகத்திலிருந்து நிரந்தர நீக்கம்.

இதனை மனித நேர்மையின் வெற்றியென்று மட்டும் போற்றுவது வரலாற்றின் பாதியை மறைப்பதாகும். அக்கால வேர்ஜீனியாவிற் கறுப்பின மனிதனின் சாட்சியம் வெள்ளையனுக்கெதிராக நீதிமன்றில் ஏறாது. கறுப்பின மக்களைக் கூட்டி எழுத்தறிவிப்பதை 1831 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. பிறர் சொல்லுக்கு மதிப்பே அளிக்காத ஒரு சமுதாயத்திலேதான் 'கனவானின் சொல்'லுக்கு அத்துணை மதிப்பு ஏற்பட்டது என்பது மனங்கொள்ளத் தக்கது. அப்பல்கலைக்கழகத்திற் கறுப்பின மாணவர் ஒருவர், அதுவும் வழக்காடிய பின்னர், முதன்முதலாக அனுமதி பெற்றது 1950 இலேயாகும். பெண்களுக்குக் கதவு பரவலாகத் திறந்தது 1970 இல்.

எனினும், பிறப்பின் மாசு கருதி இவ்விதியை முற்றாக ஒதுக்குதல் முறையன்று. 1893 இற் பிரின்ஸ்ரனிலும் 1921 இல் ஸ்ரான்போர்ட்டிலும் மாணவரே முன்வந்து இத்தகைய விதியை வேண்டிப் பெற்றனர். தம்மைத் தாமே ஆளவேண்டும் என்ற வேட்கை அதில் இருந்தது. கனவானின் சொத்தாயிருந்த கௌரவம், மாணவர் சமூகத்தின் கூட்டுப் பொறுப்பாக மாறுவதற்கு அங்கு ஒரு வாய்ப்புத் தோன்றியது.

வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் வரலாறோ வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. பொய்யும் களவும் கூடாதென்பதோடு, அவற்றைச் செய்வோரைப் பொறுத்துக்கொள்வதும் குற்றம் என்பது அங்குள்ள விதி. 1825 இற் காட்டிக்கொடாமை கௌரவமாக இருந்தது. இங்கோ காட்டிக்கொடுத்தலே கௌரவமாயிற்று! 1951 இல் 90 பயிற்சி மாணவர் பரீட்சை மோசடி தொடர்பாக நீக்கப்பட்டனர். அவர்களுட் பலர் கல்லூரியின் புகழ்பெற்ற உதைபந்தாட்டக் குழுவினர். ஒரே வினாத்தாள் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு பிரிவினருக்கு வழங்கப்பட, முன்னர் எழுதியோர் பின்னர் எழுதுவோருக்கு வினாக்களைச் சொல்லிவந்தனர். 1976 இல் மின்பொறியியற் பாடத்தில் 150 இற்கும் மேற்பட்டோர் சிக்கினர். அதனை ஆராய்ந்த விண்வெளி வீரர் பிராங்க் போமன் தலைமையிலான குழு, கல்லூரி நிருவாகத்துக்கும் இதிற் பங்குண்டு எனக் கண்டது. நீக்கப்பட்டோர் மீண்டும் சேர வழி செய்யப்பட்டது. கடுமையான விதி இருந்தும் களவு நிகழ்ந்தது; அதுவும் தனியொருவர் செயலாகவன்றிக் கூட்டுச் செயலாகவே நிகழ்ந்தது.

ஆராய்ச்சியாளர் கூறுவதும் இதனையே அரண் செய்கிறது. வில்லியம் பவர்ஸ் 1964 இல் வெளியிட்ட, 99 கல்லூரிகளைத் தழுவிய ஆய்வில், மாணவருள் ஏறத்தாழ முக்காற் பங்கினர் ஏதோவொரு வகை நேர்மையின்மையை ஒப்புக்கொண்டனர். டொனால்ட் மக்கேப், லிண்டா திரெவீனோ ஆகியோர் 31 கல்லூரிகளில் 6,000 இற்கும் மேற்பட்ட மாணவரை வினவி 1993 இல் முடிவுகளை வெளியிட்டனர். கௌரவ விதியுள்ள கல்லூரிகளிற் களவு பொதுவாகக் குறைவு. ஆயினும் விதி இருந்தும் களவு மலிந்த கல்லூரியும் உண்டு. விதி இல்லாமலே களவு குறைந்த கல்லூரியும் உண்டு. மாணவனின் நடத்தையோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது, சக மாணவர் எவ்வாறு நடக்கின்றனர் என அவன் கருதுவதேயாகும். இவை மாணவர் தாமே கூறிய விடைகள்; எனவே எண்களை ஓரளவு எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும். ஆயினும் போக்குத் தெளிவானது. களவைக் குறைப்பது கையொப்பமன்று. அக்கையொப்பத்தைப் பொருளுடையதாக்கும் சமூகமே.

அச்சமூகம் தளர்ந்தால் விதியும் தளரும். 2022 இல் வேர்ஜீனியா மாணவர், நீக்கம் ஒன்றே தண்டனை என்ற பழைய முறையைத் தம் வாக்கினாலே மாற்றினர். ஒரு தவறுக்காக ஓர் இளைஞனின் கல்வியையே அழிப்பது நீதியன்று என்ற உணர்வு அவர்களிடையே வலுப்பெற்றிருந்தது. அடுத்த ஆண்டில் ஸ்ரான்போர்ட் ஆசிரியர் பேரவை, நூறாண்டுகளாக விலக்கப்பட்டிருந்த மேற்பார்வையை மீண்டும் அனுமதிக்க வாக்களித்தது. முன்னது விதியைத் திருத்தும் முயற்சி. பின்னது நம்பிக்கை குன்றியமையின் அறிகுறி.

இவ்வரலாறு ஆசிரியராகிய நமக்கு எதனை உணர்த்துகிறது? பார்த்தெழுதும் மாணவனை ஒழுக்கங்கெட்டவன் என ஏசுவது எளிது. அவனை அந்நிலைக்குத் தள்ளும் போட்டியை வினவுவது கடினம். சிலருக்கே இடமுள்ள ஏணியைக் காட்டி, ஏறாதவனுக்கு வாழ்வில்லை என அச்சுறுத்தும் அமைப்பு, மறுகையால் நேர்மைப் பத்திரம் ஒன்றை நீட்டுவது நகைப்புக்கிடமானது. மாணவனை நம்புவதாயின் விதியை ஆக்கும் உரிமையிலும் அவனுக்குப் பங்களிப்போம். கௌரவம் சிலரின் சொத்தாயிருக்கும்வரை பலர் அதனைக் காப்பாற்ற முன்வரார். அனைவருக்கும் பொதுவாகும்போது, அதனைக் காக்கும் பொறுப்பும் அனைவருடையதாகும்.