புலிக்கு வைத்த கேமராவில் சிக்கியவர்கள்

1920களில் இமயமலை அடிவாரக் காடுகளில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி புலித்தடங்களின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதைக் கேமராவோடு இணைத்தார். இரவில் புலியின் கால் கம்பியில் பட்டதும் வெளிச்சம் பளிச்சிடும், படம் பதிவாகும். ராஜாக்களும் துரைமார்களும் செத்த புலிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட காலம் அது. சாம்பியனின் படங்களோ உயிரோடு நடமாடும் புலியைக் காட்டின. துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன குரல்களுக்கு அவை வலுச் சேர்த்தன. அந்தப் பங்கை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படங்கள் நூலாக வந்த அதே 1927இல்தான் இந்திய வனச் சட்டமும் வந்தது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் மாடு மேய்ப்பதும் மரம் வெட்டுவதும் குற்றம் என்று 1878 சட்டம் சொன்னதை அது மீண்டும் உறுதிசெய்தது. 1936இல் அதே அடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று அதன் பெயர் கார்பெட்.

சாம்பியனின் கம்பிக்கு வாரிசு இன்றைய தானியங்கி கேமரா. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைத்து 3.48 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். புலி இருந்தவை 76,651.

இந்தக் கேமராவுக்கு முன்னால் விறகு பொறுக்கப் போகும் பெண்களும் நடக்கிறார்கள். 2017இல் கார்பெட் பகுதியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருவர் காட்டில் ஒதுங்கியபோது பதிவான படம் வாட்ஸ்அப்பில் பரவியது. கொதித்துப்போன ஊரார் கேமராக்களை உடைத்தார்கள். வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களுக்குக் காடுதான் மறைவிடம். அதையும் கேமரா பறித்துக்கொண்டது.

புலியைக் காக்கக் கேமரா வேண்டும்தான். அதை எங்கே வைப்பது, யார் படத்தை யார் பார்ப்பது, எதை அழிப்பது என்று முடிவெடுப்பதில் காட்டோர மக்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு இடம் வேண்டும் என்கிறோம்.

நம் கையிலும் கேமரா இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி, தலித்துகள் உள்ளிட்ட பழங்குடியல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்? பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், பழைய வீடு, வரப்பு ஆகியவற்றையும், சமூக உரிமை கோரும்போது இடுகாட்டையும் விதிகள் சான்றாக ஏற்கின்றன. இவற்றைச் சம்மதம் கேட்டுப் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து கிராம சபையிடம் ஒப்படைப்போம். காட்டின் வரலாற்றில் நம் மக்களும் பதிவாகட்டும்.