சுங்கமும் முத்திரையும்

காரிமங்கலத்து மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களோ? தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் இருக்கிறது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேரம் முடிந்ததும் குத்தகைக்காரரின் ஆள் சுங்கச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பான். வாங்கிய மாடு வீட்டுக்குப் போனதும் பால் கறக்க விடாமல் உதைத்தால் குத்தகைக்காரரிடம் முறையிட்டுப் பிரயோசனமில்லை. "இடம் என்னுடையது ஐயா, மாடு என்னுடையதா?" என்பார்.

மிகப் பழைய பதில் இது. ஆனால் எல்லா அரசுகளும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. பழைய பொருளை விற்க வருகிறவன் அது தனக்குப் பாத்தியமானது என்று ருசுப்படுத்தினால்தான் சந்தை அதிகாரி விற்க விடலாம் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். காவிரிப்பூம்பட்டினத்திலே சுங்கம் கொள்வோர் சரக்கு மூட்டைகளின்மேல் சோழனுடைய புலி முத்திரையைப் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. சுங்கத்தையும் வாங்கி முத்திரையையும் வைத்தவனுக்கு, 'சரக்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல நாக்கு எழுந்திருக்குமா? எனக்குச் சந்தேகந்தான்.

இப்போது சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. பதில் மட்டும் மாறவில்லை. 2004 டிசம்பரில் பாஸி டாட் காம் என்ற இணையச் சந்தையின் தலைவரைத் தில்லிப் போலீசார் கைது செய்தார்கள். யாரோ ஒரு மாணவன் அங்கே ஆபாசப் படம் ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்தான். வியாபார உலகம் பதறிப்போயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை 2008-இல் திருத்தினார்கள். வெறுமே இடம் கொடுத்து, உரிய கவனத்தோடு நடந்துகொள்பவனுக்குப் பாதுகாப்பு உண்டு. குற்றம் தெரிந்த பிறகும் சரக்கை அகற்றாதவனுக்கு இல்லை என்றாயிற்று. அந்தத் தலைவரின் வழக்கு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. காரணம் வேடிக்கையானது: நிறுவனத்தையே எதிரியாகச் சேர்க்காமல் அவரை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாதாம்! சந்தைக்காரனுக்குப் பொறுப்பு உண்டா என்ற பெரிய கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு ஒரு பதிலைக் கொண்டுவந்தது, நம் அடுப்படிப் பிரஷர் குக்கர்! 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக் கூடாது. அப்படியும் அமேசான் சந்தையில் 2,265 குக்கர்கள் விற்றுப்போயின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. விற்றவர் வேறு என்று வாதாடிய நிறுவனம், அந்த விற்பனையில் கட்டணமாகப் பெற்றது 6,14,825 ரூபாய். ஒவ்வொரு விற்பனையிலும் காசு வாங்குகிறவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்று சொல்லி, 2022 ஆகஸ்டில் ஆணையம் லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அபராதத் தொகையை நீதிமன்றத்தில் கட்டும்படியும், வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பும்படியும் அங்கே உத்தரவாயிற்று. லட்ச ரூபாய் அவர்களுக்கு வெற்றிலை பாக்குச் செலவு. ஆனாலும் சுங்கச் சீட்டே சாட்சி சொன்னதல்லவா?

2020-ஆம் வருஷத்து விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைவிடப் பெரிய அனுகூலம் 2019 சட்டத்தில் இருக்கிறது. புகார்க்காரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூருக்கும் தில்லிக்கும் ரயிலேற வேண்டியதில்லை.

பென்னாகரத்தில் இருக்கும் என் அக்காள் ஒரு இணையச் சந்தையில் வாங்கிய மிக்ஸி, மூன்றாம் நாள் புகை விட்டது. 'விற்றவரைக் கேளுங்கள்' என்று பதில் வந்தது. விற்றவரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. அட்டைப்பெட்டியைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறாள். தருமபுரிக்கு எந்தப் பஸ்ஸில் போனால் ஆணையம் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும் என்று நேற்று என்னை விசாரித்தாள்.