படுக்கைப் புண் தடுப்பில் செவிலியர்

உடலின் ஒரே இடம் நெடுநேரம் அழுந்திக் கிடப்பதால் தோலும் அதன் கீழுள்ள திசுக்களும் சிதைந்து உண்டாவது படுக்கைப் புண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்த ஓட்டம் தடைபடுவதே மூலகாரணம். கட்டிலில் சரிந்து இறங்கும்போது ஏற்படும் இழுப்பு, சிறுநீர், வியர்வை ஆகியவற்றின் ஈரம், ஊட்டக்குறைவு ஆகியவை அதை விரைவுபடுத்தும். வாலெலும்புப் பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, பின்மண்டை ஆகியவை எளிதில் புண்ணாகும் இடங்கள்.

புண்ணுக்குப் பெரும்பாலும் பராமரிப்புக் குறையே காரணம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கருத்து. பழியைச் செவிலியர் தலையில் மட்டும் சுமத்தும் வழக்கத்துக்கு இதுவும் துணைபோயிற்று. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதை விதியாக்கினார். யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை மதிப்பெண் இட்டுக் கணிக்கும் அளவுகோலை 1962-இல் செவிலியர் டோரீன் நார்ட்டன் வகுத்தார். இன்று பரவலாகப் பயன்படும் பிரேடன் அளவுகோல் 1980-களில் வந்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு கூறுகளைப் பார்க்கும் இதில் 23 முழு மதிப்பெண். 18-உம் அதற்குக் கீழும் எச்சரிக்கை.

செவிலியரின் திறமை தோலைப் பார்ப்பதில் தொடங்குகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் அது வெளுத்துப் பின் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது என்று பொருள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அது முதல் நிலைப் புண், தோல் கிழியாவிட்டாலும். கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. நம்மவர்களைப் பொறுத்தவரை சூடு, வலி, கடினம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து அறிவதே நம்பகமானது. கவனிக்காமல் விட்டால் நான்காம் நிலையில் எலும்பே வெளியே தெரியும்.

திருப்பும்போது முழுப் பக்கவாட்டில் கிடத்தாமல் 30 பாகை சாய்வில் வைக்கவேண்டும். கெண்டைக்காலின் கீழ் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், ரிங் வடிவக் காற்றுத் தலையணையில் உட்காரவைப்பதும் ஒரு காலத்தில் கற்றுக்கொடுக்கப்பட்டவை. நலிந்த திசுவைத் தேய்ப்பு மேலும் சிதைக்கும். வளையமோ தன் விளிம்பில் அழுத்தத்தைக் குவிக்கும். ஆனாலும் வார்டுகளில் இவை முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

அறிவும் செயலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் கோண்டர் பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியரிடையே நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேரிடமே போதிய அறிவு காணப்பட்டது. நல்ல நடைமுறை அதைவிடச் சற்றுக் குறைவு. பயிற்சி பெற்றவர்களின் அறிவு மேம்பட்டிருந்தது. நடைமுறைக்கோ ஆள் பற்றாக்குறையும் வசதிக் குறைவும் தடையாயின. கனத்த உடலைத் தனியாகப் புரட்ட முயலும் செவிலியர் நோயாளியை இழுக்க நேர்கிறது. அந்த இழுப்பே தோலைச் சிதைக்கும். ஆகவே வகுப்பு எடுப்பதோடு மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நோயாளியைத் திருப்புவதில் உடனிருக்கும் உறவினருக்கும் பங்குண்டு. திருப்பும் முறையையும் தோலைப் பார்க்கும் முறையையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் செவிலியர் பணியைச் சேர்ந்ததே.

செவிலியர், உறவினர் தவிர மருத்துவமனை நிர்வாகத்தையும் பொறுப்பாக்கும் வழிகள் உண்டு. சிகிச்சையின்போது மருத்துவமனையிலேயே உண்டாகும் மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்கான கூடுதல் செலவை, அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2008 அக்டோபர் முதல் மருத்துவமனைகளுக்குத் தருவதில்லை.