கட்சியில்லாத பிரதமர்

நாவல் எழுதுகிற என்னை ராம்ஸே மாக்டொனால்டு நெடுநாளாக விடவில்லை. ஸ்காட்லாந்தில் ஏழை வேலைக்காரிக்குப் பிறந்து, தொழிற் கட்சியை வளர்த்து, பிரிட்டிஷ் பிரதம மந்திரியானவர். 1931 ஆகஸ்டில் ஸ்டெர்லிங் பவுன் ஆட்டங் கண்டது. வேலையில்லாதோர் உதவித் தொகையில் 10 சதவீதம் வெட்டுவதா என்பதில் மந்திரிசபை பிளந்தது. ராஜிநாமாச் செய்ய அரசரிடம் போனவர், எதிர்க் கட்சியாரையும் சேர்த்துக்கொண்ட 'தேசிய சர்க்கா'ரின் பிரதமராகத் திரும்பினார்! 1940 வரை நீடித்த ஏற்பாடு அது. சொந்தக் கட்சி அவரை விலக்கியது. வேடிக்கை என்னவென்றால், பவுனைக் காக்கக் கூடிய சர்க்கார் நாலே வாரத்தில் தங்க அளவையைக் கைவிட்டது. அக்டோபர் தேர்தலில் அவர் அணிக்கு 554 இடம். அதில் 470 கன்ஸர்வேடிவ்களுடையது. நாற்காலி அவருக்கு, கடிவாளம் பால்ட்வினுக்கு. பதவி ஆசை என்றார்கள். நாட்டுக்காகத்தான் போனார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வெட்டு விழுந்தது அவரை வளர்த்த ஏழைகள் தலையில். 1935-ல் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஸீஹாம் தொகுதி அவரைத் தோற்கடித்தது.